ஈட்டுத்தொகையும் ஈடுசெய்தலும்

சாலையில் ஒருவர் அடிபட்டு வீழ்ந்தார் என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் மூன்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன. உயிர் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. யாருடைய வண்டி என்பது இரண்டாவது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு ‘இருக்கிறது’ என்ற விடை கிடைத்தவுடன் சுற்றி நிற்போர் சற்றே மூச்சு விடுகின்றனர். வண்டியை ஓட்டியவரின் வீட்டாருக்கோ அது பெரிய ஆறுதல். “கம்பெனி பார்த்துக்கொள்ளும், சாமி” என்று பங்குத்தந்தையரிடமே அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கம்பெனி எதைப் பார்த்துக்கொள்ளும்? எதை அது பார்த்துக்கொள்ளவே இயலாது? ஒரு மனிதர் தம் கவனக்குறைவால் இன்னொருவரின் உயிரைப் போக்கினார். காப்பீட்டு நிறுவனம் பல இலட்சம் ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டது. அத்துடன் அம்மனிதரின் கடன் தீர்ந்ததா? இக்கேள்வியை நம் இறைமக்கள் அமைதியாகச் சிந்திக்க வேண்டிய காலம் இது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை கூறுகிறது. இத்தனை சாவுகளுக்கும் பின்னால் இத்தனை வீடுகள் உள்ளன. அவ்வீடுகளுக்கு எதிரே, பெரும்பாலும் நாம் எண்ணிப் பார்க்காத வேறு சில வீடுகளும் உள்ளன. அவை வண்டியை ஓட்டியவர்களின் வீடுகள்.

சட்டம் செய்யும் நன்மை

முதலில் சட்டத்திற்கு உரிய மதிப்பைத் தந்துவிட வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசுவது ஆன்மீகத்திற்கு இழுக்கு என்று எண்ணுவது தவறு. கணவனை இழந்தவளுக்கு அடுத்த மாத அரிசி ஆன்மீகக் கேள்வியே ஆகும்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டி எதுவானாலும், அதனால் பாதிக்கப்படக்கூடிய மூன்றாம் நபருக்காகக் காப்பீடு செய்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. இதன் காரணம் எளியது. லாரியை ஓட்டியவர் கூலிக்காரர். அவர் மீது தீர்ப்புப் பெற்றாலும் அவரிடமிருந்து பெறுவதற்கு ஒன்றும் இராது. தீர்ப்புத் தாள் மட்டும் விதவையின் கையில் எஞ்சும். அந்த நிலை வராதிருக்கவே, வண்டி வைத்திருப்போர் அனைவரும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் செலுத்தி, யாரோ ஒருவர் செய்யும் தவறின் சுமையைச் சேர்ந்து தாங்குகின்றனர். ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டும் என்று கலாத்தியருக்குப் பவுலடியார் எழுதியதன் ஒரு சாயல் இவ்வேற்பாட்டில் உண்டு என்றால் மிகையாகாது.

இழப்பீட்டை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதையும் நம் மக்கள் அறிந்திருத்தல் நலம். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்துத் தந்த முறை இது. முப்பத்தைந்து வயதுடைய கொத்தனார் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர், இறந்துவிட்டார் என்று கொள்வோம். மனைவி, இரு பிள்ளைகள், வயதான தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தனர். வருங்காலத்தில் அவர் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக நூற்றுக்கு 40 கூட்டினால் 21,000. அவர் தமக்கென்று செலவழித்திருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் 15,750. ஓராண்டுக்கு 1,89,000. அவருடைய வயதுக்கு உரிய பெருக்கெண் 16. ஆக, 30,24,000 ரூபாய். இதனுடன் அடக்கச் செலவுக்கும், உடைமை இழப்புக்கும், துணையை இழந்ததற்கும் தனித்தனியே தொகை உண்டு. துணையை இழந்ததற்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் குறித்த தொகை 40,000 ரூபாய். மூன்றாண்டுக்கு ஒருமுறை அது நூற்றுக்கு 10 உயர வேண்டும் என்றும் கூறியது.

துணைவிக்குத் துணைவன் நாற்பதாயிரம் ரூபாயா என்று நெஞ்சு பதறலாம். ஆனால் நீதிமன்றம் அவ்வாறு விலை பேசவில்லை. அளக்க முடியாததை அளக்க முடியாது என்று அறிந்தே, அடையாளமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, அளக்கக்கூடியதாகிய சோற்றையும் பள்ளிக் கட்டணத்தையும் வாடகையையும் அது கணக்கிடுகிறது. தன் எல்லையை அறிந்த சட்டம் நல்ல சட்டம். தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே சாவுக்கு 5 இலட்சம், கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சம் பெறவும் 164-ஆம் பிரிவு 2022 ஏப்ரல் முதல் வழிசெய்துள்ளது. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு.

கம்பெனி சுமக்காதவை

ஆயினும் எல்லாவற்றையும் காப்பீட்டின் தோளில் ஏற்றிவிட முடியாது என்பதைச் சட்டமே சொல்கிறது. இழப்பீட்டு வழக்கு வேறு, குற்ற வழக்கு வேறு. கவனக்குறைவால் சாவை விளைவித்தவருக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு இரண்டாண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. மோதிவிட்டு அறிவிக்காமல் ஓடுவோருக்குப் பத்தாண்டு என்று எழுதப்பட்ட பகுதி, ஓட்டுநர்களின் எதிர்ப்புக்குப் பின், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிறுத்தி வைக்கப்பட்டது. எப்படியாயினும், எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஒருவருக்காகச் சிறையில் இருக்க முடியாது.

பணத்திலும்கூட, பொறுப்பற்றவரைச் சட்டம் தப்ப விடுவதில்லை. ஓட்டுநர் உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின் அத்தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை 2004-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. இழப்பீடு 30 இலட்சமாயின், வீட்டையும் வயலையும் விற்றாலும் கட்டி முடியாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! குடித்துவிட்டு ஓட்டித் தம் வண்டியை நொறுக்கிக்கொண்டவருக்கு அந்த வண்டியின் சேதத்திற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 199அ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது.

இது புதிய சிந்தனை அன்று. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகின்ற மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உள்ளது. இதுவரை முட்டாத மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாடு கொல்லப்படும், உரிமையாளருக்குக் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காத உரிமையாளர், அது கொன்ற சாவுக்குத் தம் உயிரால் பொறுப்பேற்க வேண்டும். அல்லது விதிக்கப்படும் ஈட்டுத்தொகையைக் கொடுக்க வேண்டும். அறிந்திருந்தாரா, அடக்கி வைத்தாரா என்பவையே அங்கே அளவுகோல்கள். மகன் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் வந்து சொல்லியும், “வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான்” என்று சிரித்துச் சாவியைக் கொடுக்கிற தந்தை, இந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

சோழன் மறுத்த பரிகாரம்

நம் தமிழ் மரபிலும் ஒரு சாலை விபத்து உண்டு. திருவாரூரில் அரசிளங்குமரனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போதும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறாள்; சேக்கிழார் அதை விரித்துப் பாடுகிறார். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

இக்கதையில் நாம் பெரும்பாலும் கடந்து போய்விடும் பகுதி ஒன்று உள்ளது. சேக்கிழாரின் வரலாற்றில், அமைச்சர்கள் அரசனுக்கு ஒரு வழி சொல்கின்றனர். இத்தகைய குற்றத்திற்கு நூல்களில் விதிக்கப்பட்ட பரிகாரம் உண்டு. அதைச் செய்துவிட்டால் முடிந்தது என்கின்றனர். கதை முழுவதும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. பரிகாரம் நடந்துவிடும், பட்டியல் நிறைவேறும், ஆனால் கன்றை இழந்த பசுவின் துயரம் அங்கேயே நிற்கும். அரசன் கேட்டது இதைத்தான். அந்தத் துயரத்தைத் தானும் அடைவதே தனக்குத் தகும் என்றான்.

உயிருக்கு உயிர் என்ற அவனது தீர்ப்பை நற்செய்தியின் மக்களாகிய நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அவன் மறுத்ததை நாமும் மறுக்க வேண்டும். விதித்த தொகையைச் செலுத்தி, இழந்தவளின் முகத்தைப் பாராமலேயே எழுந்து போகும் வசதியை அவன் மறுத்தான். இன்றைய காப்பீடு, நல்ல நோக்கத்துடன் தொடங்கிய ஒன்றாயினும், அந்த வசதியை நமக்கு மலிவாகத் தந்துவிட்டது. ஆண்டுச் சந்தாவைக் கட்டியவர், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பெயரைக்கூட அறியாமல் தம் வாழ்நாளைக் கழித்துவிட முடிகிறது.

தற்செயலா, தவறா?

‘ஆக்சிடென்ட்’ என்ற சொல் நம் மொழியில் கலந்துவிட்டது. எதிர்பாராதது, யாரும் பொறுப்பல்ல என்ற பொருளை அது தன்னுடன் கொண்டு வருகிறது. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பேருரையில் தற்செயலாக நேரும் கொலையைப் பற்றி ஆராய்கிறார். போதிய கவனம் எடுத்துக்கொள்ளாதவர், கொல்ல வேண்டுமென்று எண்ணாதவராயினும் குற்றத்தினின்று விலகியவர் ஆகார் என்பதே அவர் முடிவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 30-ஆம் பத்தியில், வேக வரம்பை மதியாதோரைப் பெயர் சொல்லாத குறையாகக் கண்டிக்கிறது. தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் அவர்கள் விளைக்கும் ஆபத்தை எண்ணிப் பார்ப்பதில்லை என்று வருந்துகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில், குடிபோதையிலோ வேகமோகத்திலோ பிறர் பாதுகாப்பைச் சாலையில் ஆபத்துக்கு உள்ளாக்குவது கனமான குற்றம் என்று கூறுகிறது.

அறநெறி இறையியலார் இங்கு இருவகைத் தவற்றைப் பிரித்துக் காட்டுவர். ஆபத்தை முன்னறிந்தும் துணிந்து செய்தது மனச்சான்றின் முன் தவறு. ஈடுசெய்யும் கடமை தீர்ப்புக்குக் காத்திராமல் அப்பொழுதே பிறக்கிறது. சட்டம் எதிர்பார்க்கும் கவனத்தில் சிறிது குறைந்ததேயன்றி உள்ளத்தில் தீமை இல்லாதது சட்டத்தின் முன் தவறு. அதில் தீர்ப்பு வந்தபின் தீர்ப்புக்குக் கீழ்ப்படிதல் கடமை. நிதானமாக வந்த ஓட்டுநரின் முன் குழந்தை திடீரென்று ஓடி வந்துவிட்டது என்றால், அவர் காலமெல்லாம் தம்மைக் கொலைகாரர் என்று வதைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவருக்கும் நம் ஆறுதல் தேவை. கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று தெறித்து அயலானைக் கொன்றவனுக்கு இணைச்சட்ட நூல் அடைக்கல நகரைக் காட்டவில்லையா?

இந்த அளவுகோல் இன்னொருவரையும் தொடுகிறது. திருமண விருந்தில் குடித்துவிட்டு, நள்ளிரவில் வண்டியோட்டி, யார் மீதும் மோதாமல் வீடு சேர்ந்தவர் அவர். காவல் துறையிடம் அவர் பெயர் இல்லை. மோதியவருக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, அந்த நேரத்தில் சாலையை ஒருவர் கடக்கவில்லை என்பது மட்டுமே. அவ்வேறுபாடு அவருடைய நற்குணத்தால் வந்ததன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைப் பாவமென்று சொல்வோர் மிகக் குறைவு. சொல்ல வேண்டியது அது.

உண்மையே முதல் ஈடு

இனி நம் கேள்வியின் மையத்திற்கு வருவோம். நிறுவனம் பணத்தைச் செலுத்துகிறது என்றால், ஓட்டியவர் செலுத்த வேண்டியது என்ன?

முதலாவது, உண்மை. இதை எந்த நிறுவனமும் அவருக்காகச் செலுத்த முடியாது. விபத்தில் இருவர் மீதும் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், இறந்தவரின் தவற்றுக்கு ஏற்ப இழப்பீடு குறையும். முன்பு நாம் கண்ட கொத்தனாரின் வழக்கில், “அவர்தான் பாராமல் குறுக்கே வந்தார்” என்று ஓட்டியவர் பொய்யாகச் சாட்சி சொல்லி, பாதித் தவறு இறந்தவருடையது என்று முடிவானால், 30,24,000 ரூபாய் 15,12,000 ஆகிவிடும். இறந்தவர் எழுந்து வந்து மறுத்துரைக்க மாட்டார். அந்தப் பொய்யால் ஓட்டியவரின் பையில் ஒரு காசும் சேருவதில்லை. ஆனால் நால்வர் உண்ண வேண்டிய சோற்றில் பாதி போய்விடுகிறது. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையும் களவை விலக்கும் கட்டளையும் இங்கு ஒரே வாக்கியத்தில் மீறப்படுகின்றன.

வேறு பொய்களும் உண்டு. ஓட்டிய மகனுக்கு உரிமம் இல்லை என்பதால், உரிமம் உள்ள மாமன் ஓட்டினார் என்று எழுதிக்கொடுப்பது. தானாக வழுக்கி விழுந்தவர், இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து அது மோதியதாக வழக்குத் தொடுப்பது. “கம்பெனிப் பணம்தானே” என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். கம்பெனிக்கென்று தனியே பணம் இல்லை. மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியோட்டும் தொழிலாளியும், பள்ளி ஆசிரியையும் கட்டிய சந்தாவே அது.

இங்கே ஒரு கடினமான சிக்கலை மறைக்காமல் பேச வேண்டும். வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நிறுவனத்தின் எழுத்து இசைவின்றிக் காப்பீடு செய்தவர் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது அது. ஆகவே, “அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள், எதுவும் பேசாதீர்கள்” என்று அறிவுரை சொல்வோர் உண்டு. மனச்சான்று போகச் சொல்கிறது; பத்திரம் போகாதே என்பதுபோல் தோன்றுகிறது. எதற்குச் செவிகொடுப்பது?

அந்த நிபந்தனை எதைத் தடுக்கிறது என்று ஊன்றிப் பார்த்தால் சிக்கல் பெரிதும் அவிழும். நிறுவனம் செலுத்த வேண்டிய தொகையை நாம் முன்கூட்டியே பேசி முடித்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அது நியாயமானது. ஆனால் மருத்துவமனைக்குப் போய் நிற்பதை அது தடுக்கவில்லை. இரத்தம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. “உங்கள் இழப்புக்காக என் நெஞ்சு வேகிறது” என்று சொல்வதைத் தடுக்கவில்லை. காவல் துறையிடமும் நீதிமன்றத்திலும் கேட்கப்படும்போது நடந்ததை நடந்தவாறே சொல்வதை எந்தப் பத்திரமும் தடுக்க முடியாது. அப்படி ஒரு நிபந்தனை இருந்தாலும் அது நம் மனச்சான்றைக் கட்டாது. பணப் பொறுப்பைப் பற்றிய பேச்சை நிறுவனத்திடம் விட்டுவிடுவது முன்மதி. மனிதத் துயரத்திலிருந்து ஒளிந்துகொள்வது முன்மதி ஆகாது.

போகும் முறையும் முக்கியம். புண் ஆறாத முதல் நாட்களில் நேரே வாசலில் போய் நிற்பது மேலும் காயப்படுத்தலாம். பங்குத்தந்தையோ இரு வீட்டாரும் மதிக்கும் ஒரு பெரியவரோ முதலில் போய் மனம் அறிந்து வரலாம். வழக்கைத் திரும்பப் பெறுமாறு கையெழுத்து வாங்க ஒரு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போவது மன்னிப்புக் கேட்பதே அன்று. திருப்பீடத்தின் குடிபெயர்ந்தோர் மேய்ப்புப்பணி அவை 2007 ஜூன் மாதத்தில் சாலை மேய்ப்புப்பணி பற்றி வெளியிட்ட வழிகாட்டு ஏட்டில் வாகனமோட்டிகளுக்குப் பத்துக் கட்டளைகள் உள்ளன. விபத்தில் இறந்தோரின் குடும்பங்களைத் தாங்குவது அவற்றுள் ஒன்று. தவறிழைத்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும், தக்க காலத்தில், மன்னிப்பின் விடுதலையை உணருமாறு ஒன்றுகூட்டுவது இன்னொன்று. தக்க காலத்தில் என்ற குறிப்பை அந்த ஏடு மறவாமல் சேர்த்திருக்கிறது.

வழக்கு முடிந்தபின், பத்திரத்தின் நிபந்தனையும் முடிகிறது. அப்போது அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கோ, ஊனமுற்றவரின் தொடர் மருத்துவத்திற்கோ தம்மால் இயன்றதைச் செய்யத் தடை ஏது? பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் விளைத்த எல்லாக் கேட்டையும் அது சீர்செய்துவிடுவதில்லை. இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்று மறைக்கல்வியின் 1459-ஆம் எண் தெளிவாகக் கூறுகிறது. சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னபோது எந்தத் தீர்ப்பாயமும் அவருக்கு ஆணையிடவில்லை.

இழந்தோருக்கு ஒரு சொல்

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “செத்தவரின் இரத்தத்தை விற்றுச் சாப்பிடுவதா?” என்று இழப்பீடு கேட்கத் தயங்கும் பெண்கள் உள்ளனர். அது விற்பனை அன்று. நீதியின்படி அவர்களுக்கு உரியது. மன்னிப்பதும் வழக்குத் தொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தாய் தன் உள்ளத்தின் பகையை விட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகளின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கும் உரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பை எழுதியுள்ளது. ஆகவே நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் வழக்குரைஞரைப் பார்ப்பதில் குற்றவுணர்வு வேண்டாம். கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கவும், தொகையில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்று கேட்கவும் பங்கில் படித்த இளைஞர்கள் துணை நிற்கலாம்.

பங்குகள் செய்யக்கூடியவை இன்னும் உள்ளன. புதிய வண்டியை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டு வருகிறோம். புனித கிறிஸ்தோபரின் படத்தையும் ஒட்டுகிறோம். மந்திரித்த தண்ணீர் காப்பீட்டுப் பத்திரத்திற்கு மாற்று அன்று. தலைக்கவசத்திற்கும் மாற்று அன்று. மந்திரிக்கும் முன் உரிமத்தையும் பத்திரத்தையும் காட்டச் சொல்லும் வழக்கம் ஒன்று ஏற்பட்டால் நல்லதே. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து செல்லும் திருப்பயணிகள் இரவில் சாலையோரம் நடக்கின்றனர். அவர்களில் ஒருவரும் அடிபடாமல் சேர்வதற்கு, பின்னால் வரும் வண்டிகளை ஓட்டுவோரில் பலர் நம் பிள்ளைகளே என்பதை நினைவூட்டுவதும் திருவிழாத் தயாரிப்பின் ஒரு பகுதிதான்.

சமாரியரின் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134அ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காவல் துறையின் தொல்லையிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் காக்கிறது. அவ்வாறு உதவுவோருக்கு இந்தியச் சட்டம் சூட்டியிருக்கும் பெயர் ‘நல்ல சமாரியர்’. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் நாடாளுமன்றத்தின் சட்டநூலில் இடம்பெற்றுவிட்டது. உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பழைய அச்சத்திற்கு இனி இடமில்லை. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி வகுத்தது. நிற்காமல் போவதற்குரிய சாக்குப்போக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன.

அடிபட்டவரைத் தூக்க வேண்டும், மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்று மோதிய ஓட்டுநருக்கே 134-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை வரலாம் என்பதையும் அது அறிந்து இடம் தருகிறது. ஆனால் விலகிச் சென்றவர் அறிவிக்காமலேயே இருந்துவிட அது இடம் தரவில்லை.

உவமையில் வரும் சமாரியருக்கு அந்தக் காயங்களில் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் அவர் செலவழித்தார். சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு அவர் போகவில்லை. இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனார். எரிகோ சாலையில் அன்று நடமாடியவர்களில், திரும்பி வருவதாகச் சொன்னவர் அவர் ஒருவரே. கள்வர் திரும்பவில்லை, குருவும் லேவியரும் திரும்பவில்லை.

காயத்தில் பங்கே இல்லாதவர் திரும்பி வருவதாகச் சொன்னார் என்றால், காயத்தை விளைத்தவர் என்ன செய்ய வேண்டும்? காப்பீட்டு நிறுவனம் இரண்டு தெனாரியத்தை ஒழுங்காகக் கொடுத்துவிடும். அதற்காக நன்றி சொல்வோம்; சந்தாவையும் தவறாமல் கட்டுவோம். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியவர் அதன் ஊழியர் அல்லர். அங்கே ஒரு தாயும் பிள்ளைகளும் இருக்கின்றனர் என்று நினைவில் வைத்து, உண்மையைச் சொல்லி, தக்க காலத்தில் அவ்வாசலில் நிற்க வேண்டியவர், அன்று வண்டியை ஓட்டியவரே. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவர், அந்தப் பயணத்தை நமக்குப் பதிலாக வேறொருவர் மேற்கொள்ள இடம் தரவில்லை.